மூண்டு பேருக்கு மூண்டு விதமாப் பல்லு பழுதாகுது, கிணத்துத் தண்ணியாலயோ?

முத்தையன்கட்டு_மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம், குடிக்க சமைக்க எல்லாத்துக்கும் குழாய்க்கிணத்துத் தண்ணிதான். போன கிழமை மாமி கச்சான் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க முன்பல்லு ஒண்டு கையோட வந்திட்டுது, ரத்தமும் பெரிசா இல்லை நோவும் இல்லை, அவ அதைக் கழுவிப் பாத்திட்டு "ஒரு சூத்தை கூட இல்லை பார் பிள்ளை, முழுப்பல்லு" எண்டு பேப்பரில சுத்தி வச்சிருக்கிறா. இது நாலாவது பல்லு. அவவுக்கு 61 வயசு, 11 வருசமா சீனி வருத்தம், கிளினிக் போறவ, வெத்திலை போடுவா. இவருக்கு 39, பல்லு ஆடேல்லை ஆனா பிரஸ் வச்ச உடன முரசில ரத்தம் வருது, அதுக்குப் பயந்து அந்தப் பக்கம் பிரஸ் வைக்கிறதையே விட்டிட்டார். மகனுக்கு நாலரை, மேல் முன்பல்லு நாலும் கறுத்துக் கரைஞ்சு கட்டையா நிக்குது, இரவில கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுறான். பக்கத்து வீட்டு அக்கா தண்ணிதான் காரணம், மெசினில வடிகட்டி விக்கிற ஆர்ஓ தண்ணி வாங்கு எண்டுறா. மாமி பல்லில புழு எண்டுறா. இவர் தங்கட பரம்பரையே இப்பிடித்தானாம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, இது ஒரே வருத்தமோ வேற வேறயோ?

பல்லுக்கிளினிக்_அக்கா:
தங்கச்சி, நான் பள்ளிக்கூடப் பல் கிளினிக்கில கனகாலமா வேலை செய்யிறன், படமும் பாக்காம முழுக்கச் சொல்லேலாது, ஆனா நீங்கள் எழுதினதிலயே பாதி விடை கிடக்கு. சூத்தை இல்லாத முழுப்பல்லு நோவில்லாமக் கழண்டு விழுந்தா அது பல்லின்ர வருத்தம் இல்லை, பல்லைப் பிடிச்சிருக்கிற முரசும் எலும்பும் கரைஞ்ச வருத்தம். வேலி நல்லா இருக்கேக்க கதியால் ஆடாது, மண் கரைஞ்சா நல்ல கதியாலும் சாயும். மகனுக்கு நடந்தது அதில்லை, அது சூத்தை. அவருக்கு முரசு வருத்தம் இப்பதான் தொடங்குது.

தண்ணியைப் பற்றி முதல் சொல்லிவிடுறன். எங்கட வரண்ட பக்கத்துக் கிணறுகளில, அதிலும் வவுனியாப் பக்கம், புளோரைட் எண்ட தாது உப்புக் கூடின கிணறுகள் இருக்கு. 1.5 மில்லிகிராமுக்கு மேல ஒரு லீற்றரில இருக்கக்கூடாது எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கூடினா முரசுக்குள்ள பல்லு உருவாகிற வயசில, எட்டு வயசு மட்டும் எண்டு வையுங்கோவன், அந்தப் பிள்ளையளின்ர பல்லில வெள்ளைக் கீறும் மண்ணிறக் கறையும் வரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பல்லு ஆடாது, முரசில ரத்தமும் வராது. பிஎச்ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கேட்டு ஒருக்கா தண்ணியைச் சோதிச்சுப் பாருங்கோ, கூடவா இருந்தா மகனுக்காக ஆர்ஓ தண்ணி நல்லது (காய்ச்சினாப் புளோரைட் போகாது, கனபேர் போகும் எண்டு நினைக்கினம்). ஆனா மாமியின்ர பல்லு விழுந்ததுக்குக் கிணத்தில பழி போடாதேங்கோ.

மாமிக்கு ரெண்டு பெரிய காரணம் நீங்களே எழுதியிருக்கிறியள், சீனி வருத்தம், வெத்திலை. சீனி கட்டுப்பாட்டில இல்லாட்டி முரசில கிருமியோட சண்டை பிடிக்கிற சக்தி குறையும், முரசு பழுதாகும். முரசு பழுதானா சீனியும் இறங்காது, ரெண்டும் மாறி மாறி ஒண்டை ஒண்டு கெடுக்கும். வெத்திலையோட பொயிலையும் போடுறவவோ? அப்பிடியெண்டா ரத்தம் பெரிசா வராததுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம். பொயிலை முரசின்ர ரத்தக்குழாயைச் சுருக்கிப்போடும், உள்ள அழுகினாலும் வெளியில ரத்தம் காட்டாது. சுருட்டு, சிகரெட்டும் அப்பிடித்தான். அதால உங்கட அவருக்கு ரத்தம் வாறது ஒரு வகையில நல்லகாலம், முரசு நேரத்தோட முறைப்பாடு சொல்லுது. அவர் செய்யிற பிழை அந்த இடத்தில பிரஸ் வைக்காம விட்டது. பல்லில படியிற ஊத்தை ஒண்டு ரெண்டு கிழமையிலயே கல்லு மாதிரி இறுகத் தொடங்கும், பிறகு எந்தப் பிரஸ்ஸாலயும் போகாது, கிளினிக்கில சுரண்டி எடுக்கிற ஸ்கேலிங் தான் வழி. கிளீன் பண்ணினாப் பல்லு ஆடும் எண்டு சொல்லுவினம், அது இறுகின கல்லு பல்லைத் தாங்கிக்கொண்டு நிண்ட இடத்தில கல்லை எடுக்க உள்ள ஆட்டம் தெரியவாறது.

மகன் இரவில போத்தில் குடிக்கிறவனோ? அதை முதல் சொல்லுங்கோ.

பழைய_பாலை:
பிள்ளையள், எனக்கு 74. உமிக்கரியும் வேப்பங்குச்சியும்தான், பேஸ்ற் எண்டு ஒண்டைக் கண்டதே பிந்தி. இண்டைக்கும் கரும்பு கடிப்பன். இந்தப் பேஸ்ற் வந்தாப் பிறகுதான் சின்னனுகளுக்கெல்லாம் சூத்தை. பேஸ்ற்றில தான் கோளாறு, ஒருத்தரும் சொல்லமாட்டியள்.

லான்ட்மாஸ்டர்:
ஐயா கோவிக்காதேங்கோ, உங்கட சின்ன வயசில ஒரு நாளைக்கு எத்தினை தரம் இனிப்பு வாயில பட்டது? பிளேன்ரீயோட ஒரு துண்டு பனங்கட்டி, திருவிழாவில தும்புமுட்டாஸ், அவ்வளவுதானே. என்ர பேரன் பள்ளிக்கூடம் போய்வாற வழியில நாலு கடை, நாலிலயும் டொபி. பேஸ்ற் வந்த அதே காலத்தில பிஸ்கட்டும் பால்மாவும் வந்திட்டுது, நீங்கள் ஆளை மாத்திப் பிடிக்கிறியள்.

தங்கச்சி, உங்கட மாமிக்கு என்ர கதையைச் சொல்லுங்கோ. யானைக் காவலுக்கு இரவிரவா வயல்கொட்டிலில இருக்கேக்க நித்திரை வராம இருக்க வெத்திலை போடத் தொடங்கினது, பிறகு பொயிலை இல்லாம விடியாது எண்ட நிலை. சப்பி முடிஞ்சு துப்பிறேல்லை, இடப்பக்கக் கொடுப்புக்குள்ள அடக்கி வச்சுக்கொண்டே படுப்பன். அந்த இடத்தில முரசு கீழ இறங்கி ரெண்டு கொடுப்புப் பல்லின்ர வேர் வெளியில தெரிஞ்சது, மஞ்சளா, விரலால தடவினாக் கூசும். அதுக்கும் நான் போகேல்லை. வாய் முழுசாத் திறக்கேலாம சோத்துக் கவளத்தைச் சின்னனா உருட்ட வேண்டி வந்தாப் பிறகுதான் போனது. டொக்டர் பல்லைப் பாக்க முதல் கன்னத்தின்ர உட்பக்கத்தைத்தான் லைற் அடிச்சுப் பாத்தார், வெள்ளையா ஒரு தழும்பு, துண்டு வெட்டி அனுப்பினவை. கான்சர் இல்லை எண்டு வர மூண்டு கிழமை. அந்த மூண்டு கிழமை நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். பொயிலை மட்டும் இல்லையாம், கான்சர் வாறதுக்குப் பாக்கே தனியக் காணுமாம். எங்கட நாட்டில ஆம்பிளையளுக்குக் கூட வாற கான்சர் வாயில வாறதுதான் எண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சன். பல்லு ரெண்டும் போட்டுது, வெத்திலையும் போட்டுது.

மாங்குளம்_சந்தி:
பார்மசியில நிக்கிறபடியா ஒண்டு மட்டும். பிறசர் குளிசை, அம்லோடிபின் நிபெடிபின் மாதிரி, சிலருக்கு முரசைத் தடிக்கப் பண்ணும், வலிப்புக்குக் குடுக்கிற பெனிற்றோயினும் அப்பிடி. வேற சில குளிசையள் வாயைக் காயப் பண்ணும், எச்சில் குறைஞ்சாச் சூத்தை கெதியா வரும். மாமி என்ன குளிசை எடுக்கிறா எண்டு கிளினிக் கொப்பியைப் பல்லு டொக்டரிட்டயும் காட்டுங்கோ. ஆனாத் தானா நிப்பாட்டக்கூடாது, பல்லுக்காகப் பிறசர் குளிசையை விட்டிட்டு ஸ்ரோக்கோட வந்த ஆளையும் கண்டிருக்கிறன்.

முத்தையன்கட்டு_மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. ஓம் அக்கா, போத்தில்தான். நான் குடுக்கிறது குறைவு எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன், பிறகு ஞாயிற்றுக்கிழமை காலமை தொடக்கம் படுக்கிற மட்டும் கலண்டர் தாளின்ர பின்பக்கத்தில ஒவ்வொரு தரமும் ஒரு கோடு போட்டுப் பாத்தன். ஒன்பது கோடு! காலமை சீனி போட்ட பால்மா, மாமி தேத்தண்ணியில தோய்ச்சுக் குடுத்த பிஸ்கட், தேப்பன் வயலால வரேக்கக் கொண்டுவந்த டொபி, பின்னேரம் பணிஸ், இரவு போத்தில், சாமத்தில அழுதா இன்னொரு போத்தில். ஒவ்வொண்டும் கொஞ்சம் கொஞ்சம்தான், ஒருத்தர் குடுக்கிறது மற்றவருக்குத் தெரியாது.
மாமியின்ர வெத்திலைக்குள்ள பொயிலை இருக்குத்தான். கேட்டா இல்லை எண்டா, கொட்டப்பெட்டியைத் திறந்து பாத்தன், அடியில மடிச்சு வச்சிருக்கிறா.
எனக்கு ஒரு சந்தேகம், எப்பிடியும் பால்பல்லு விழத்தானே போகுது, நோவு நிண்டா விட்டாக் காணாதோ?

பல்லுக்கிளினிக்_அக்கா:
காணாது. அந்த ஒன்பதும் "கொஞ்சம் கொஞ்சம்" எண்டதுதான் விசயமே, எவ்வளவு எண்டதை விட எத்தினை தரம் எண்டதுதான் பல்லைத் தின்னுறது. இனிப்புப் பட்டாக் கிருமி அதைத் தின்னு அமிலம் விடும், எச்சில் அதைக் கழுவி ஆத்த அரை மணித்தியாலம் எண்டாலும் வேணும். ஒன்பது தரம் எண்டாப் பல்லுக்கு ஆற நேரமில்லை. நித்திரையில எச்சிலும் நல்லாக் குறைஞ்சிடும், வாயில நிக்கிற பால் விடியும் மட்டும் அங்கதான். புழு எண்டு ஒண்டும் இல்லை, மாமிக்குச் சொல்லுங்கோ.

பால் கொடுப்புப் பல்லு பத்துப் பன்னிரண்டு வயசு மட்டும் நிக்க வேண்டியது, பழுது வேருக்குப் போனா அடியில கிடக்கிற நிலையான பல்லையும் கெடுக்கும். இன்னொண்டு, ஆறு வயசில கடைசியில புதுசாக் கொடுப்புப் பல்லு ஒண்டு முளைக்கும், ஒண்டும் விழாம முளைக்கிறபடியாத் தாய்மார் பால்பல்லு எண்டு நினைச்சு விட்டிடுவினம், என்னட்ட வாற பிள்ளையளில நான் முதல் தேடுறதே அதைத்தான். சீவியத்துக்கும் உள்ள பல்லு அது.

இரவு அழுறவனை இந்தக் கிழமையே பக்கத்து அரசாங்க ஆசுப்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கோ, காசில்லை. போத்திலை ஒரே நாளில பறிச்சா வீட்டில நித்திரை இல்லை, சீனியை முதல் குறையுங்கோ, பிறகு பாலில தண்ணியைக் கூட்டிக் கூட்டி கடைசியில வெறும் தண்ணி. பேஸ்ற் 1000 பிபிஎம் புளோரைட் எண்டு ரியூப்பில போட்டிருக்கிறதாப் பாத்து ஒரு பட்டாணியளவு, நீங்களே தீட்டி விடுங்கோ, அவன்ர கையில குடுத்தாச் சப்பிப்போடுவான். தீட்டினாப் பிறகு துப்பினாக் காணும், தண்ணியால அலசத் தேவையில்லை.

பழைய ஐயாவுக்கு, உமிக்கரி அரம் மாதிரி, பல்லின்ர மேல்தோலைத் தேய்ச்சுப்போடும். உங்கட கரும்புக்கு நான் கண்ணூறு படுத்தேல்லை.

பழைய_பாலை:
பட்டாலும் விழாது பிள்ளை. எண்டாலும் பேரப்பெடியின்ர பேஸ்ற் ரியூப்பை இப்ப எடுத்துப் பாத்தன், கண்ணாடி போட்டும் அந்த எழுத்துத் தெரியேல்லை. மருமகளிட்டக் குடுத்திருக்கிறன்.

முத்தையன்கட்டு_மருமகள்:
வியாழக்கிழமை மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போறன். மாமி அந்தப் பல்லையும் பேப்பரோட கொண்டு வரப்போறாவாம், டொக்டருக்குச் சூத்தை இல்லை எண்டு காட்ட.