பொய்யாமை, கைவிடாமை: ராட்டினத்துக்கு ஒரு சொல், செய்தவருக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினர்க்கு, வணக்கம்.

டர்பனில் எங்கள் சபை இதழுக்காகக் கேளிக்கைப் பூங்கா ராட்டினங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ரிலையபிலிட்டி' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'பொய்யாமை' சரிவருமா என்று உங்களைக் கேட்டிருந்தேன். நேற்று வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில்.

> நம்பகத்தன்மை இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, செய்தியை நம்பலாமா, சாட்சியை நம்பலாமா என்பதற்கெல்லாம் அது பொருந்தும். ராட்டினத்துக்குப் போட்டால், 'ஏறினால் உயிரோடு இறங்குவோமா' என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். பொறியாளர் சொல்வது வேறு: குறித்த நிலைமைகளில், குறித்த காலம்வரை, பழுதாகாமல் வேலை செய்வது. ரோலர் கோஸ்டரின் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான். வண்டி எங்கே இருக்கிறது என்று கவனிக்கும் உணரியில் (சென்சரில்) சின்ன சந்தேகம் என்றாலும் பிரேக் பிடித்துவிடும். ஆக, அடிக்கடி நிற்கும் ராட்டினம் பாதுகாப்பானதாகவே இருக்கலாம், ரிலையபிலிட்டிதான் குறைவு. லோட் ஷெடிங்கில், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும்போது, நின்றதற்குக்கூட வரிசையில் நின்றவர்கள் ராட்டினம் செய்தவனைத் திட்டியதைக் கேட்டிருக்கிறேன்!

என் பரிந்துரை, பொய்யாமை. 'மழை பொய்த்தது' என்கிறோமே, அந்தப் பொய்த்தல். மழை யாரிடமும் பொய் சொல்லவில்லை. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான். கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த என் ஆயாவுக்குத் தமிழெழுத்து தெரியாது, ஆனால் இந்தச் சொல் வாயில் இருந்தது.

> பிள்ளைகள் 'பொய் சொல்லாமை' என்று படிப்பார்களே. பழுதின்மை போதாதா?

பழுதின்மை இன்றைய நிலையைச் சொல்கிறது, அம்மா. நேற்றுப் பெயின்ட் அடித்து வந்த வண்டியும் பழுதற்றதுதான். நாளையும் ஓடுமா என்பது அதில் இல்லை. பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது சரிதான். முதல்முறை 'ஓட்டம் பொய்யாமை' என்று எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்கிறேன்.

> தயாரிக்கும் நிறுவனத்துக்கும் இதே சொல்தானா?

இங்கேதான் எனக்கும் இடித்தது. ஜோகன்னஸ்பர்க் கோல்ட் ரீஃப் சிட்டி பூங்காவின் கோல்டன் லூப் ராட்டினம், ஜெர்மானியர் ஆன்டன் ஸ்வார்ஸ்கோஃப் வடிவமைத்தது. 1977 முதல் 1988 வரை அமெரிக்காவின் கேரோவிண்ட்ஸ் பூங்காவில் ஓடிவிட்டு இங்கே வந்தது. அதற்குள் அவருடைய நிறுவனம் நொடித்துப்போயிருந்தது. ராட்டினமோ கடல் தாண்டி வந்தும் ஓடியது. அதே கோல்ட் ரீஃப் சிட்டியில் 1999-இல் வந்தது அனகோண்டா, காலைத் தொங்கவிட்டபடி போகும் வகை. செய்தது சுவிட்சர்லாந்தின் ஜியோவனோலா. அந்த நிறுவனமும் இன்று இல்லை.

எந்திரம் பொய்க்காமல் இருக்கிறது, செய்தவர் போய்விட்டார். சக்கரத்துக்கு ஸ்பேர் வேண்டுமென்றால் யாரைக் கேட்பது? வேறொரு நாட்டில் அதே மாதிரி ராட்டினத்தில் விரிசல் கண்டால், 'உங்களுடையதையும் சோதியுங்கள்' என்று பூங்காவுக்கு எழுதுவது யார்? நல்ல உருக்கு, நல்ல வெல்டிங் எல்லாம் பொய்யாமைக் கணக்கில் வரும். விற்றபின் இருபது முப்பது ஆண்டு கூடவே நிற்பது தனிக்கணக்கு. அதற்குக் கைவிடாமை என்று வைக்கலாமா? 'நாணயம்' என்று ஒருவர் சொன்னார். நாணயமான ஆளும் கடையை மூடுவார்.

கைவிடாமை என்றதும் தேவாரம் பாடுகிறாயா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இதைவிட எளிய சொல் யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். இதழ் அச்சுக்குப் போகிறது.