பொருள்: 'டார்க் மேட்டர்': கரும்பொருளா, இருட்பொருளா? (மாணவர் ஆய்வுக் கையேட்டுக்கு)

நண்பர்களுக்கு வணக்கம்.

மேல்நிலை மாணவர்களின் ஆய்வுத் திட்டக் கையேட்டு வரைவில் 'டார்க் மேட்டர்' என்பதற்குக் 'கரும்பொருள்' என்று போட்டிருக்கிறோம். அச்சுக்குப் போகும் முன் இதை மாற்றியாக வேண்டும்.

'கருப்பொருள்' என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று படித்த அதே மாணவர்தான் இந்தக் கையேட்டையும் திறக்கப் போகிறார். இரண்டு சொற்களுக்கும் வேறுபாடு ஒரே ஒரு மெய்யெழுத்து. தட்டச்சில் தவறும், தேடலில் குழம்பும்.

அறிவியல்படியும் 'கரு' பொருந்தவில்லை. கருமை ஒளியை உறிஞ்சுவதால் வருவது. ஓரியனில் உள்ள குதிரைத்தலை நெபுலா உண்மையிலேயே கருப்பு. அங்குள்ள தூசி பின்னாலிருந்து வரும் ஒளியை மறைக்கிறது. நாம் பேசும் பொருளோ நாம் அறிந்தவரை ஒளியை உமிழ்வதும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டுகிறது. 'கரும்பொருள்' என்று படித்த மாணவர் தூசி முகில் பற்றிய கட்டுரைகளைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்பார்.

'இருட்பொருள்' என்பது என் முன்மொழிவு.

– இயற்பியல் ஆசிரியர்

---

> 'இருட்பொருள்' என்பது என் முன்மொழிவு.

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு உடன்பாடே. கருமை ஒரு நிறம், இருள் ஒளியின்மை. வானியலாளர் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி 1933இல் கோமா விண்மீன் மண்டலக் கொத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையில் 'டுங்க்ள மட்டேரியெ' என்றபோது, ஒளிராத பொருள் என்ற கருத்தில்தான் சொன்னார்.

ஆனால் நல்ல சொல் மட்டும் மாணவரை மூலக் கட்டுரை வரை கொண்டுபோகாது. அவர் தேடப்போவது வானியல் கட்டுரைகளைத் திரட்டித் தரும் ஏடிஎஸ் தளத்தில், ஆங்கிலத்தில். வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவின் சுழற்சி பற்றி 1970இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'டார்க் மேட்டர்' கிடையாது. 'காலக்ஸி'யும் கிடையாது, 'ஆண்ட்ரோமெடா நெபுலா' என்றிருக்கிறது. எனவே கையேட்டின் சொல்லடைவில் 'இருட்பொருள்' என்ற பதிவின் கீழ் 'டார்க் மேட்டர்', 'மிஸ்ஸிங் மாஸ்', 'ஹிடன் மாஸ்', 'மாஸ் டிஸ்கிரெபன்சி', 'ரொட்டேஷன் கர்வ்' ஆகிய தேடுசொற்களையும் கொடுக்க வேண்டும். 1980க்கு முந்தைய கட்டுரைகளுக்கு 'மிஸ்ஸிங் மாஸ்' இன்றியமையாதது.

தேடும் முறையையும் அதே பக்கத்தில் சொல்லிவிடலாம். வெறும் 'டார்க் மேட்டர்' என்று தேடினால் வந்து விழும் குவியலில் எதைப் படிப்பது என்றே தெரியாது. முதலில் ஒரு தொகுப்பாய்வுக் கட்டுரையைப் பிடிக்கச் சொல்வோம். பார்ட்டிகிள் டேட்டா குரூப் வெளியிடும் துகள் இயற்பியல் தொகுப்பில் இருட்பொருளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. இலவசம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பதிப்பு வருகிறது. அதன் மேற்கோள் பட்டியலிலிருந்து ஐந்தாறு கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஏடிஎஸ்ஸில் திறக்க வேண்டும். 'ரெஃபரன்சஸ்' பகுதி பின்னோக்கிக் கூட்டிப்போகும். 'சைட்டேஷன்ஸ்' பகுதி, அதைப் பின்னர் மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்கு, முன்னோக்கி. பக்கவாட்டில் 'ரெஃபரீட்' வடிகட்டியைத் தட்டினால் நடுவர் பார்த்தவை மட்டும் நிற்கும். பணம் கேட்கும் இதழ்ப் பக்கம் வந்தால் திரும்பிவிட வேண்டாம். அதே பதிவில் பெரும்பாலும் ஆர்க்கைவ் என்ற இலவசத் தளத்தில் ஆசிரியர்களே ஏற்றிய முன்னச்சு இருக்கும். பழைய ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல் இதழ்களின் வருடிய பக்கங்களும் அங்கேயே கிடைக்கும்.

இன்னொன்று: வரைவில் 'இலக்கியத் தேடல்' என்று இருக்கிறது. 'முன்னாய்வுத் தேடல்' என்று மாற்றுங்கள். முன்பு செய்த ஆய்வுகளைத் தேடுவதுதானே வேலை?

– கல்லூரி நூலகர்

---

நூலகர் அம்மா சொன்ன 'முன்னோக்கி'யைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். மாணவர் திட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகின்றன.

இருட்பொருளைத் தேட இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்தில் இயங்கிய செனான்1டி கருவி 2020இல் ஒரு முடிவை வெளியிட்டது. 1 முதல் 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையில் ஏறத்தாழ 232 நிகழ்வுகளை எதிர்பார்த்த இடத்தில் 285 தென்பட்டன. சூரியனிலிருந்து வரும் ஆக்சியான் என்ற கருதுகோள் துகளா, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கலப்பா என்று கட்டுரைகள் குவிந்தன. 2022இல் அடுத்த கருவியான செனான்என்டி, பின்னணியை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து அளந்தபோது அந்த மிகை காணப்படவில்லை. 2020 கட்டுரையோடு நிறுத்திய மாணவர் 'இருட்பொருள் தென்பட்டது' என்று எழுதிவிடுவார். ஆகவே மேற்கோள் காட்டும் எந்த அளவீட்டுக்கும் 'சைட்டேஷன்ஸ்' பகுதியை ஆண்டு வரிசையில் அடுக்கி, புதியவற்றின் சுருக்கங்களைப் படித்தே ஆக வேண்டும். ஆர்க்கைவில் எடுத்தால் பதிப்பு எண்ணையும் குறிக்க வேண்டும். முதல் பதிப்பில் இருந்த எண் இரண்டாவதில் மாறியிருக்கலாம்.

படிப்பதோடு நிற்காமல் கணக்கும் போட வேண்டுமானால் ஸ்பார்க் தரவுத்தளம் நல்லது. 175 விண்மீன் மண்டலங்களின் சுழற்சி வளைவுகள் (மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கேற்பச் சுழற்சி வேகம்) இலவசமாகக் கிடைக்கின்றன. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் உள்ளடங்கிய நிறை தோராயமாக வரும். ஆரம் கிலோபார்செக்கிலும் வேகம் கிமீ/வினாடியிலும் இருந்தால் மாறிலி 4.30 × 10⁻⁶. விடை சூரிய நிறையில். 20 கிலோபார்செக்கில் 200 கிமீ/வினாடி என்றால் சுமார் 1.9 × 10¹¹ சூரிய நிறை. தவறு நேரும் இடம் வேறு. அந்தக் கோப்பில் தட்டுக்கும் மையப் புடைப்புக்கும் தந்துள்ள வேகங்கள், நிறை-ஒளி விகிதம் (சூரிய அலகில், விண்மீன்களின் நிறையை அவற்றின் ஒளியால் வகுத்தது) 1 என்று கொண்டு கணக்கிட்டவை. வேகத்தின் வர்க்கத்தைத் தட்டுக்கு 0.5ஆலும் புடைப்புக்கு 0.7ஆலும் பெருக்குவது வழக்கம். பெருக்காமல் விட்டால் விண்மீன்களின் நிறை கூடி, சில மண்டலங்களில் இருட்பொருளே தேவையில்லை என்று விடை வரும்!

சொல்லுக்கு வருகிறேன். 'இருட்பொருள்' சரி. 'மேட்டர்' தமிழ்நாட்டுப் பாடநூலில் பருப்பொருள், இலங்கைப் பாடநூலில் சடப்பொருள். வெறும் 'பொருள்' இரு பக்கத்துக்கும் பொது. 'டார்க் எனர்ஜி'க்கு 'இருளாற்றல்' இயல்பாக அமைகிறது. புணர்ச்சியால் தேடல் தவறக்கூடும் என்பதால் 'இருள்பொருள்', 'இருண்ட பொருள்' இரண்டையும் அடைவில் 'இருட்பொருள் காண்க' என்று சேர்த்துவிடுங்கள். இருட்பொருளுக்குப் பதிலாக இயக்க விதியையே மாற்றிப் பார்த்த மில்க்ரமின் 1983 கட்டுரை 'ஹிடன் மாஸ்' வழியாக அகப்படும்; எதிர்த்தரப்பையும் மாணவர் படிக்கட்டும்.

– வானியற்பியல் ஆய்வாளர்

---

மூவரும் ஒத்துப்போவதால் 'இருட்பொருள்', 'இருளாற்றல்', 'முன்னாய்வுத் தேடல்' மூன்றையும் வரைவில் ஏற்றுகிறேன். தேடுசொற்களும் ஸ்பார்க் பெருக்கலும் அதே பக்கத்தில் வரும்.

ஒன்று மட்டும் எஞ்சுகிறது. 'டார்க் மேட்டர் ஹாலோ' என்பதை வரைவில் 'ஒளிவட்டம்' என்று எழுதியிருக்கிறோம். ஒளியும் இல்லை, வட்டமும் இல்லை; மண்டலத்தை எல்லாப் பக்கமும் சூழ்ந்த கோளம் போன்ற பகுதி அது. 'பரிவேடம்' நிலவைச் சுற்றித் தெரியும் ஒளிக்கு வழங்குவது, அதுவும் ஆகாது. 'சூழுறை' எப்படி? 'இருட்பொருள் சூழுறை' என்று வாக்கியத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

– இயற்பியல் ஆசிரியர்