சுருட்டுக்கு ஈடாக வந்த புத்தகம்

ஆடம் கர்ட்டிஸ் பிபிசிக்காக இயக்கி 2002-இல் வெளிவந்த ‘தி செஞ்சுரி ஆஃப் தி செல்ஃப்’ ஆவணப்படத்தின் நான்கு பாகங்களையும் முதல் முறை ஒரே இரவில் பார்த்து முடித்தேன். விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பவன் என்பதால், என் தொழிலின் பூர்வீகத்தை யாரோ தோண்டி எடுத்து முன்னே வைத்ததுபோல் இருந்தது. மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடியாகப் படம் காட்டும் எட்வர்ட் பெர்னேஸ், உள்மன ஆசைகளை ஆராயும் உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃப்ராய்டின் தங்கை மகன். தாய்மாமனுக்கு இவர் சுருட்டு அனுப்ப, மாமன் தம் உளப்பகுப்பாய்வு விரிவுரைகள் அடங்கிய புத்தகத்தை அனுப்பிவைக்கிறார்.

1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஊர்வலத்தில், நியூயார்க் நகரின் ஐந்தாவது அவென்யூவில் பெண்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்ததும், அது ‘விடுதலையின் தீப்பந்தம்’ என்று செய்தித்தாள்களுக்குப் போனதும், அதன் பின்னால் பெர்னேஸும், சிகரெட்டை ஆண் அதிகாரத்தின் குறியீடாக அவருக்கு விளக்கிய உளப்பகுப்பாய்வாளர் பிரில்லும் இருந்ததும் படத்தில் வரும் இடம் என்னை உலுக்கிவிட்டது. சில மாதங்கள் கழித்து அந்தப் பகுதியை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். தொப்பி அணிந்த பெண்கள், புகை, கூட்டம், அவ்வளவுதான் இருந்தது. இந்த ஊர்வலத்தால்தான் பெண்கள் புகைக்கத் தொடங்கினார்கள் என்று என்னை நம்பவைத்தது கர்ட்டிஸின் நிதானமான குரலும், பழைய படத்துண்டுகளுக்கு அடியில் ஓடிய இசையும்தான். பெண்களிடையே சிகரெட் பழக்கம் அந்த ஊர்வலத்துக்கு முன்பே பெருகத் தொடங்கியிருந்தது என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதே ஆவணப்படம் பற்றி மற்றொருவரின் பகிர்வு:

மேலே நண்பர் சொன்னது எனக்கும் நேர்ந்தது. என்னை ஏமாற்றியது அந்தப் படத்தில் வரும் முட்டைக் கதை. உடனடி கேக் மாவு விற்காததற்கு இல்லத்தரசிகளின் உள்மனக் குற்றவுணர்வே காரணம் என்றும், மாவுடன் ஒரு முட்டையை அவர்களே உடைத்துச் சேர்க்கும்படி செய்ததும் விற்பனை உயர்ந்தது என்றும், அந்த முட்டை கணவனுக்கு மனைவி தரும் காணிக்கையின் குறியீடு என்றும் படம் சொல்கிறது. ஆனால், புதிய முட்டை சேர்க்கும் கேக் மாவு 1930-களிலேயே விற்பனையில் இருந்தது. மாவில் முன்பே கலந்திருக்கும் முட்டைப் பொடியைவிடப் புதிய முட்டையில் கேக் நன்றாக வரும் என்பது அடுப்படியில் நிற்கும் எவருக்கும் தெரியும். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன், பயிற்சி வகுப்பில் இரண்டு முறை அந்த முட்டைக் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். மூன்றாவது வகுப்பில் திருத்திச் சொன்னபோது, முதல் கதையே நன்றாக இருந்தது என்றார் பழைய மாணவர் ஒருவர்.