உதவி: போக்கரில் இடம் (இருக்கை வரிசை) பார்க்காமல் ஆடுகிற ஆளை எப்படிப் படிப்பது?

சீட்டுப்பூனை:
ஒருத்தரோடு அடிக்கடி மோதுகிறேன். மொத்த விபிஐபி (தானாகப் பணம் போட்டு உள்ளே வரும் சதவீதம்) 26, பிஎஃப்ஆர் (பொதுச் சீட்டு திறக்கும் முன் ரெய்ஸ் செய்யும் சதவீதம்) 20. இருக்கை வாரியாக விபிஐபியைப் பிரித்தால் யுடிஜியில் (முதலில் முடிவெடுக்கும் இருக்கை) 28, பட்டனில் (பொதுச் சீட்டு வந்தபின் கடைசியாக ஆடும் சாதகமான இருக்கை) 31. அதாவது இடத்தைப் பற்றிக் கவலையே இல்லை, சரிதானே? அதை நம்பி அவருடைய யுடிஜி ரெய்ஸ் மேல் 3-பெட் (மறு ரெய்ஸ்) போட்டால், கடைசியில் ராணி ஜோடி, ஏஸ்-ராஜா என்றே காட்டுகிறார். எங்கே தப்பு? அவசரம், இன்று இரவும் அதே டேபிள்.

நதிக்கரை:
எத்தனை ஹேண்ட் (ஆட்டச் சுற்று) கணக்கு இது? கேஷா, டோர்னமெண்டா? டேபிளில் எத்தனை பேர்?

மடித்தவன்:
பட்டனில் விபிஐபி பார்ப்பதே வீண். முன்னால் யாராவது ரெய்ஸ் செய்துவிட்டால் நல்ல ஆட்டக்காரரும் ஃபோல்ட் செய்வார் (சீட்டை மடிப்பார்), அதில் எண் இறங்கும். யாரும் உள்ளே வராதபோது அவரே முதலில் ரெய்ஸ் செய்கிற சதவீதத்தை, அதாவது ஆர்எஃப்ஐயை எடுங்கள். பட்டனில் அது 40ஐ ஒட்டியும் யுடிஜியில் 17 பக்கமும் இருந்தால் ஆள் இடம் தெரிந்தவர்.

பழையகை:
தம்பி, இதெல்லாம் பலமுறை பேசியாகிவிட்டது. ஹேண்ட் எண்ணிக்கை சொல்லாமல் சதவீதம் மட்டும் போடுகிற இழைகளுக்குத் தடை போடலாம். தேடிப் படித்துவிட்டுக் கேட்கிற பழக்கமே போய்விட்டது.

சீட்டுப்பூனை:
கேஷ், 6 பேர் டேபிள். 178 ஹேண்ட். ஹட் (எண்களைத் திரையில் காட்டும் மென்பொருள்) இல்லை, ஹேண்ட் ஹிஸ்டரியை எடுத்து நானே எக்செல்லில் போட்டேன்.

நதிக்கரை:
178ஐ இருக்கைகளுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 30தான். 40 ஹேண்டே இருந்தாலும், 28 என்று தெரிவது உண்மையில் 14இலிருந்து 42 வரை எதுவாகவும் இருக்கலாம். மொத்த விபிஐபி சீக்கிரம் நிலைக்கு வரும், இருக்கை வாரிக் கணக்கு வராது. அப்புறம் இன்னொன்று: எல்லா ஹேண்டிலும் 6 பேர் இருந்தார்களா? 4 பேர் ஆடும்போது பிக் பிளைண்டுக்கு (பெரிய கட்டாயப் பந்தயம் போடும் இருக்கை) இடதுபுறம் இருப்பவரை யுடிஜி என்று குறித்தீர்களா? அது நிஜத்தில் கட்ஆஃப், அதாவது பட்டனுக்கு முந்தைய இருக்கை. அங்கே 28 சாதாரணம்.

ஆல்இன்_அண்ணாச்சி:
எண்ணை விடுங்கள், பிக் பிளைண்டைப் பாருங்கள். அங்கே விபிஐபி 40 தாண்டினால் லூஸ் ஆள் (கண்ட சீட்டுக்கும் உள்ளே வருபவர்), முடிந்தது கதை.

மடித்தவன்:
எப்படி முடியும்? அவர் போட்ட ஒரு பிளைண்ட் ஏற்கெனவே உள்ளே கிடக்கிறது. பட்டன் 2.5 மடங்கு ரெய்ஸ் செய்து, ஸ்மால் பிளைண்ட் (பாதி கட்டாயப் பந்தயம் போட்டவர்) மடித்தால் நடுவில் 4 பிளைண்ட் இருக்கும், இவர் போட வேண்டியது 1.5 தான். ஜெயிக்கும் வாய்ப்பு 27 சதவீதம் இருந்தாலே கால் செய்யலாம் என்று கணக்கு சொல்கிறது. பட்டனுக்கு எதிராக 40 என்றால் நான் கஞ்சன் என்பேன்.

ஆல்இன்_அண்ணாச்சி:
ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு) அப்புறம் இடமில்லாமல், பட்டனுக்கு முன்பே ஆடவேண்டும் என்பதை உங்கள் 27 சேர்த்துக்கொள்கிறதா? கணக்கு சரி, கை காலி. சும்மா செக் செய்து (கூடுதல் பணம் போடாமல்) ஃப்ளாப் பார்ப்பதையும் சேர்த்தால் இவர்கள் எல்லோருமே லூஸ்தான்.

பழையகை:
செக் செய்வது விபிஐபியில் சேராது. அது தெரியாதவர்தான் இங்கே பாடம் நடத்துகிறார்.

ஆல்இன்_அண்ணாச்சி:
நான் சேரும் என்று எங்கே சொன்னேன்? மேலே "சேர்த்தால்" என்றுதான் இருக்கிறது. படிக்கத் தெரியாதா?

சீட்டுப்பூனை:
பிரித்துப் பார்த்தேன். 112 ஹேண்டில் 4 பேர்தான். 6 பேர் இருந்தது 66, அதில் அவர் யுடிஜியில் 11 முறை, உள்ளே வந்தது 2 முறை. இன்றைக்கு அவர் யுடிஜி ரெய்ஸுக்கு மடித்துவிடுகிறேன். நன்றி நதிக்கரை.

மடித்தவன்:
11இல் 2 வைத்து இறுக்கமான ஆள் என்றும் முடிவு கட்டாதீர்கள். ஆர்எஃப்ஐ பார்த்தீர்களா?

ஆல்இன்_அண்ணாச்சி:
போய்விட்டார். பிக் பிளைண்ட் எண் எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவே இல்லை பாருங்கள்.