மூன்று மாதம் தாராளமாம்!

கருக்கல்:
"பாலியல் தொல்லைப் புகாருக்குக் குழு இருக்கிறது, ஆலோசகர் இருக்கிறார், விதிமுறை இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் வாயைத் திறக்காமல் அப்புறம் வந்து அழுதால் பல்கலைக்கழகம் என்ன செய்யும்?" என்று சட்டத்தராசு நேற்று இந்தத் தளத்தில் திருவாய் மலர்ந்திருக்கிறார். அதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு. சார், தொல்லை கொடுத்தவனே கைடு என்றால் பிஎச்டி மாணவி எப்போது புகார் எழுதுவாள்? சினாப்சிஸில், அதாவது ஆய்வுச் சுருக்கத்தில் கையெழுத்து, ஃபெலோஷிப் படிவத்தில் கையெழுத்து, எல்லாம் அந்த ஆளிடம். மூன்று மாதத்தில் அவள் ராத்திரி தூங்கப் பழகினாலே பெரிய விஷயம்.

சட்டத்தராசு:
உணர்ச்சிவசப்பட வேண்டாம் அம்மா. 2015 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைகளை ஒருமுறை படியுங்கள். புகார் கொடுக்கக் கெடு இதுதான்: சம்பவ நாளிலிருந்து மூன்று மாதம். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் அதை எழுதி வைத்துவிட்டு ஐசிசி, அதாவது அந்த உள் புகார்க் குழு, இன்னொரு மூன்று மாதம் தரலாம். ஆக ஆறு மாதம், ஒரு முழு செமஸ்டர்! கையெழுத்துக்கும் வழி உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் அவளுடைய வேலையையோ தேர்வையோ மதிப்பிடாதபடி இடைக்காலத்தில் தடுக்கலாம். மூன்று மாதம் வரை விடுப்பும் கொடுக்கலாம்.

கருக்கல்:
இடைக்கால நிவாரணம் புகார் கொடுத்த பிறகுதானே? கொடுக்கவே முடியாதவளைப் பற்றி நான் கேட்டேன். நான் படித்த இடத்தில் ஐசிசி பலகை முதல்வர் அறை வாசலில் தொங்கியது. தலைவர் என்று அதில் இருந்தவர் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். கீழே இருந்த எண்ணுக்கு அடித்தால் தேர்வுப் பிரிவு கிளார்க் எடுத்து "அரியரா?" என்று கேட்பார். யாரிடம் போவது என்று தெரிவதற்குள் உங்கள் மூன்று மாதம் போயே போய்விடும்.

நெட்டிலிங்கம்:
பொய்ப் புகார் பற்றி மட்டும் யாரும் மூச்சு விட மாட்டீர்களே! பையன்களுக்கு நடந்தால் எங்கே போவது?

பழையவார்டன்:
தம்பி, ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படுவதுண்டு என்று அதே விதிமுறையில் இருக்கிறது. பொய்ப் புகாருக்கும் தனி விதி உண்டு. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மேல் பாயக் கூடாது என்றும் அங்கேயே போட்டிருக்கிறது. விடுதியில் நான் பார்த்தவரை, பிள்ளைகள் முதலில் வந்து கேட்பது புகார்ப் படிவம் இல்லை. "ரூம் மாத்தித் தர முடியுமா மேம்?" என்பார்கள். ஏன் என்றால் ஃபேன் சத்தம் என்பார்கள். அதைப் புரிந்துகொள்கிற ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சட்டத்தராசு:
ஃபேன் கதை இருக்கட்டும். மூன்று மாதம் போதுமா, போதாதா? ஒரு சட்டப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் மேல் வந்த புகாரை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே காலம் கடந்தது என்று சொல்லிவிட்டது. கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் அதே ஆண்டு டிசம்பர். அவ்வளவுதான், கடையைக் கட்டுங்கள்.

கருக்கல்:
மீதியை யார் சொல்வது, உங்கள் தாத்தாவா? அந்தத் தீர்ப்பையே துணைவேந்தரின் பயோடேட்டாவில் சேர்க்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் உத்தரவு போட்டதே!

சட்டத்தராசு:
சேர்க்கச் சொன்னார்கள். புகாரை விசாரிக்கச் சொன்னார்களா? இல்லை. ஏன்? மூன்று மாதம்.

பழையவார்டன்:
போலீஸுக்குப் போனால் இந்த மூன்று மாதக் கெடு கிடையாது. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பே இல்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தனியார் மருத்துவமனையும் இலவசமாக சிகிச்சை கொடுத்தாக வேண்டும். இதை விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்களா? மெஸ் பாக்கி பட்டியல் மட்டும் தவறாமல் தொங்கும்.

சட்டத்தராசு:
போலீஸ் வேறு, ஐசிசி வேறு. கட்டண உயர்வு விவாத இழையிலும் நீங்கள் இப்படித்தான் வழுக்கினீர்கள்.

பழையவார்டன்:
அந்த இழையில் என்னைக் கிழவி என்று எழுதிவிட்டு ராவோடு ராவாக அழித்தது யார் சார்?

நெட்டிலிங்கம்:
ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது 😀

சட்டத்தராசு:
போடுங்கள், பயமில்லை. நான் எழுதியது "பழைய ஆள்". இந்தத் தளத்தில் விதிமுறையைப் படித்துவிட்டு எழுதுவது நான் ஒருவன்தான், அதுதான் எல்லோருக்கும் எரிகிறது.

கருக்கல்:
படித்தவரே, மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அதுவும் தேர்தல் நடத்தி எடுக்க வேண்டும் என்று இருக்கிறதே. நீங்கள் வேலை பார்த்த இடத்தில் அந்தத் தேர்தல் என்றைக்காவது நடந்ததா?

சட்டத்தராசு:
நான் எங்கே வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தேவையில்லாதது. மூன்றும் மூன்றும் ஆறு. கூட்டத் தெரியுமா, தெரியாதா?

கருக்கல்:
தெரியும். தேர்தல் நடந்ததா?

சட்டத்தராசு:
முதலில் மூன்று மாதத்துக்குப் பதில் சொல்லுங்கள். நெட்டிலிங்கம், எங்கே அந்த ஸ்கிரீன்ஷாட்?