பியர்-டு-பியர் மென்பொருளுக்கு டெஸ்ட் நூலகம்: பத்துக்கு ஒரு தடவை சிவப்பு, என்ன செய்வது?

ஒத்தை_நோடு

வணக்கம் மக்களே. ஓய்வு நேரத்தில் கோ மொழியில் ஒரு சின்ன கோப்புப் பகிர்வு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன், நடுவில் சர்வர் கிடையாது, எல்லாரும் பியர்தான். யாரிடம் எது இருக்கிறது என்று தேடுவதற்குக் கெடம்லியா என்கிற நெறிமுறை, அதன் 2002 கட்டுரையில் உதாரணமாகச் சொன்ன அளவுகளையே வைத்திருக்கிறேன்: பக்கெட்டுக்கு (தெரிந்த பியர்களின் பட்டியல்) 20 நோடு, ஒரே நேரத்தில் 3 பேரிடம் கேட்பது. இணைப்பு எல்லாம் டிசிபி.

ஒவ்வொரு டெஸ்டிலும் நோடு எழுப்புவது, இணைப்பது, மூடுவது என்று அதே வரிகளை ஒட்டி ஒட்டி அலுத்துப்போய், அதைத் தனி நூலகமாகப் பிரித்தேன். ஐந்து நோடு எழுப்பு, கோத்துவிடு, 2 விநாடி தூங்கு, முதல் நோடு வைத்த சாவி (கோப்பைத் தேட உதவும் எண்) ஐந்தாவதுக்குக் கிடைக்கிறதா பார். என் மடிக்கணினியில் நூறு தடவை ஓட்டினாலும் பச்சைதான். சிஐயில் (டெஸ்டைத் தானாக ஓட்டும் சர்வர்) பத்துக்கு ஒன்று சிவப்பு, அதாவது தோல்வி. தூக்கத்தை 5 விநாடி ஆக்கினேன், இருபதுக்கு ஒன்று ஆனது, ஆனால் மொத்த டெஸ்டும் முடிய 11 நிமிடம் ஆகிறது. 10 விநாடி ஆக்கலாமா என்று கை அரிக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

கொசுவலை

10 ஆக்காதீர்கள். தூக்கம் போட்டு வாங்கிய பச்சைக்கு மதிப்பில்லை.

முதலில் சில்லறை வேலை. போர்ட் எண்ணைக் கையால் எழுதியிருந்தால் எடுத்துவிட்டு 0 கொடுங்கள், காலியாக இருப்பதை இயங்குதளமே தரும், நோடு எழும்பியதும் என்ன கிடைத்தது என்று கேட்டுக்கொள்ளலாம். தூங்கும் இடத்தில் எல்லாம் ‘இந்த நோடுக்கு நான்கு பியர் சேரும் வரை காத்திரு, 30 விநாடி தாண்டினால் எல்லா நோடின் பக்கெட்டையும் கொட்டிவிட்டு விழு’ என்கிற மாதிரி ஒரு செயல்கூறு. அந்தக் கொட்டும் பகுதியை விட்டுவிடாதீர்கள், சிஐயில் விழும்போது கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான். பிட்காயின் கோரின் டெஸ்டுகளும் இப்படித்தான்: பைதானில் எழுதி, ரெக்டெஸ்ட் என்கிற தனிச் சோதனை முறையில் நிஜ நோடுகளை ஒரே கணினியில் எழுப்பி, நிபந்தனை நிறைவேறும் வரை காத்திருக்கும்.

சீடு_சேமிப்பவர்

மேலே சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். உங்கள் டெஸ்ட் எதைச் சோதிக்கவே இல்லை என்று பாருங்கள். கெடம்லியாவில் ஒரு மணி நேரம் தேடல் வராத பக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டும், சாவியை வைத்தவர் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி வைக்க வேண்டும். நிஜக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இதை யார் சோதிப்பார்கள்? அதனால் நேரமும் நெட்வொர்க்கும் டெஸ்டின் கையில் இருக்க வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ‘இத்தனை மில்லிவிநாடி கழித்துப் போய்ச் சேரும்’ என்று சீடு போட்ட ரேண்டமில் (அதே சீடு எண் கொடுத்தால் அதே எண்கள் வரும்) ஒரு நேரம் ஒட்டி வரிசையில் வையுங்கள், வரிசையில் முன்னால் இருப்பதை எடுத்துக் கடிகாரத்தை அந்த நேரத்துக்கு நகர்த்துங்கள். ஒரு நாள் ஓட்டம் சில விநாடிகளில் முடியும். ஃபவுண்டேஷன்டிபி ஆட்கள் தங்கள் தரவுத்தளத்தையே இப்படி ஒரு பொம்மை உலகத்துக்குள் ஓட்டித்தான் வளர்த்தார்கள்.

கோ மொழியில் இதற்குப் பாதி வேலை தயாராக இருக்கிறது: டெஸ்டிங் சின்க்டெஸ்ட் என்கிற தொகுப்பு, கோ 1.25இல் முறையாக வந்தது. அதன் குமிழிக்குள் எல்லா கோரூட்டினும் (கோவில் இணையாக ஓடும் வேலைகள்) காத்திருக்க ஆரம்பித்ததும் கடிகாரம் தானாகத் தாவும். நான் பட்ட அவதிகளையும் சொல்லிவிடுகிறேன். நிஜ சாக்கெட் அதற்குள் சரிப்படாது, நெட் பைப் மாதிரி நினைவகத்திலேயே இருக்கும் இணைப்பு வேண்டும். நெட் பைப்புக்கு இடைச்சேமிப்பு கிடையாது, எதிர்ப்பக்கம் படிக்கும் வரை எழுதுபவர் அப்படியே நிற்பார், ஆகவே இரண்டு பக்கமும் முதலில் வணக்கம் எழுதிவிட்டு அப்புறம் படிக்கும் நெறிமுறை என்றால் இரண்டுமே உறைந்துவிடும், நிஜ டிசிபியில் அது நடக்காது. குமிழிக்குள் நேரம் 2000 ஜனவரி 1இல் தொடங்கும், எனவே வெளியே உருவாக்கிய டிஎல்எஸ் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று சொல்லும். இதற்கு ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியாக, மேப்பைச் (சாவி-மதிப்பு அட்டவணை) சுற்றும் வரிசையை கோ வேண்டுமென்றே கலைக்கும், பியர்களை வரிசைப்படுத்தாமல் செய்தி அனுப்பினால் அதே சீடு வேறு ஓட்டத்தைத் தரும்.

பழைய_ரவுட்டர்

பொம்மை நெட்வொர்க் நல்லதுதான், ஆனால் அதில் நேட் (ரவுட்டர் பல கணினிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பது) இல்லையே. பியர்-டு-பியரில் களத்தில் உதைப்பது பெரும்பாலும் அங்கேதான். லினக்ஸ் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் தனித்தனி நெட்வொர்க்) இரண்டு மூன்று உருவாக்கி, நடுவில் ஐபிடேபிள்ஸ் மாஸ்கரேட் மூலம் நேட் வைத்து, நெட்எம் போட்டுத் தாமதமும் இழப்பும் கொடுங்கள். இப்படி நான்கைந்து டெஸ்ட் இருந்தால் போதும், இரவில் ஒருமுறை ஓடட்டும். லூப்பேக்கில் (கணினி தன்னோடே பேசும் இணைப்பு) மட்டும் போட்டு ஏமாறாதீர்கள்: 100 மில்லிவிநாடி தாமதம் என்று கொடுத்தால் பிங் 200 காட்டும், போகிற பாக்கெட்டும் திரும்புகிற பாக்கெட்டும் அதே வரிசையில்தானே நிற்கின்றன.

அப்புறம், கட்டுரையில் உள்ளபடி எழுதினேன் என்று தைரியமாக இருக்காதீர்கள். 2001இல் வந்த, கெடம்லியா மாதிரியான கோர்ட் என்கிற தேடல் நெறிமுறையை எத்தனையோ பேர் அப்படியே எழுதினார்கள், பல வருடம் கழித்து ஆய்வாளர் பமீலா ஸேவ் அதை அல்லாய் கருவியில் மாதிரியாக்கிப் பார்த்தபோது வெளியிட்டபடி அது சரியாக இயங்காது என்று தெரிந்தது.

ஒத்தை_நோடு

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சீடு_சேமிப்பவர் அண்ணே, கோடி நன்றி. வணக்கம் எழுதி உறைவது எனக்கும் அப்படியே நடந்தது, இரண்டு பக்கமும் ஒரு சின்ன இடைச்சேமிப்பு வைத்த பிறகுதான் ஓடியது.

அப்புறம் சீடு 1இலிருந்து ஓட்டினேன், 37இல் விழுந்தது. டெஸ்டில் எந்தக் கோளாறும் இல்லை, என் கோடில்தான். இரண்டு நோடு ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அழைத்தால் இரண்டு இணைப்பு உருவாகும். ‘இவரோடு ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது, புதிதாக வந்ததை மூடு’ என்று எழுதியிருந்தேன். அ-வுக்குப் புதியது ஆ அழைத்தது, ஆ-வுக்குப் புதியது அ அழைத்தது, ஆளுக்கொன்றை மூட இரண்டும் போச்சு. இதில் கூத்து என்னவென்றால் இரண்டு பேரும் சரியாக 3 விநாடி கழித்து மறுபடி அழைப்பார்கள், சில நேரம் மறுபடியும் முட்டிக்கொள்வார்கள். 2 விநாடித் தூக்கத்தில் அதிகம் விழுந்ததும் 5இல் குறைந்ததும் இதனால்தான். என் மடிக்கணினியில் இணைப்பு கண்ணிமைக்குமுன் முடிந்துவிடுவதால் இருவரும் மோதவே வாய்ப்பில்லை.

இப்போது அடையாள எண் சிறியதாக உள்ளவர் அழைத்த இணைப்பே நிற்கும், மறுமுயற்சி இடைவெளியிலும் ரேண்டம் சேர்த்தாயிற்று. 10,000 சீடு ஓட்டிவிட்டேன், விழவில்லை. மொத்த டெஸ்டும் 40 விநாடி.

கொசுவலை

37ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த முட்டலைத் தனி டெஸ்டாகவே எழுதி வையுங்கள். நாளைக்குக் கோடில் ஒரு ரேண்டம் அழைப்பு கூடினாலே 37 வேறு ஓட்டமாகிவிடும்.

ஒத்தை_நோடு

அட, ஆமாம். இப்போதே எழுதுகிறேன். நேட் இன்னும் தொடவில்லை, பழைய_ரவுட்டர் திட்ட வேண்டாம்.