அமெரிக்க ஹிஸ்பானிக்குகள், பிரிட்டன் பாகிஸ்தானியர்: யார் மேல், எந்த அளவுகோலில்?

கணக்கர்

வேறொரு இழையில் பேச்சு திசைமாறிப் போனதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அங்கே ஒருவர், "குடியேறிகள் எங்கே போனாலும் அடிமட்டத்தில்தான் இருப்பார்கள், ஹிஸ்பானிக்குக்கும் பாகிஸ்தானிக்கும் என்ன வித்தியாசம்" என்று எழுதியிருந்தார். வித்தியாசம் நிறைய இருக்கிறது.

அமெரிக்க ஹிஸ்பானிக்குகளின் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி வந்தவர்கள்) வறுமை விகிதம் 2023இல் 16.6%. நாட்டின் சராசரி 11.1%. பிரிட்டனில் பாகிஸ்தானியக் குழந்தைகளில் வறுமையில் இருப்பவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். முதல் கூட்டம் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது கூட்டம் அறுபது வருடமாக ஏணியின் அடியிலேயே நிற்கிறது. பாகிஸ்தானியர் முந்துவது சொந்த வீட்டில் மட்டும்தான். இங்கிலாந்தில் அவர்களில் 58% பேருக்குச் சொந்த வீடு (2016–18 கணக்கு). ஹிஸ்பானிக்குகளில் அது பாதியை ஒட்டியே நிற்கிறது.

காரணமாக நான் பார்ப்பது வீட்டுக்குள் வரும் இரண்டாவது சம்பளம். மறுக்கிறவர்கள் எண்ணோடு வாருங்கள்.

வடகரையான்

எண்ணோடுதான் வருகிறேன். உங்கள் இரண்டு வறுமை எண்களையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது.

அமெரிக்க வறுமைக்கோட்டை 1960களின் தொடக்கத்தில் மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர் வகுத்தார். ஒரு குடும்பத்தின் சிக்கன உணவுச் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். அன்றிலிருந்து விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துகிறார்களே தவிர, நாட்டின் வருமானம் எவ்வளவு கூடினாலும் அந்தக் கோடு அசையாது. பிரிட்டனின் கோடு நடுநிலை வருமானத்தில், அதாவது வரிசையில் சரிபாதியில் நிற்பவரின் வருமானத்தில், 60%. ஊர் பணக்காரன் ஆனால் கோடும் மேலே போகும். நீங்கள் எடுத்த "பாதி" கணக்கு வீட்டு வாடகை, கடன் வட்டி எல்லாம் கழித்த பிறகு வருவது. அமெரிக்க அதிகாரபூர்வக் கணக்கிலோ வாடகை கழிவதில்லை. மறுபக்கம், உணவு உதவி அட்டையும் வரி வழியே திரும்பி வரும் தொகையும் அதில் வருமானமாகச் சேர்வதுமில்லை.

போட்டுப் பாருங்கள். 2023இல் இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அமெரிக்கக் கோடு சுமார் 30,900 டாலர். அதே ஆண்டு நாட்டின் நடுநிலைக் குடும்ப வருமானம் 80,610. பிரிட்டன் பாணியில் தோராயமாக 60% போட்டால் கோடு 48,000ஐத் தாண்டுகிறது. வீட்டு அளவுக்குச் சரிக்கட்டாத முரட்டுக் கணக்குதான், ஆனாலும் இடைவெளி எவ்வளவு என்று தெரியும். ஹிஸ்பானிக் குடும்பத்தின் நடுநிலை 65,540. அவர்கள் வீட்டில் தலைகளும் அதிகம். அந்தக் கோட்டை இழுத்தால் உங்கள் 16.6 எங்கே போய் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

கணக்கர்

தராசு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 16.6ஐ விட்டுவிடுவோம்.

ஆனால் வேலைக்குப் போகிறார்களா இல்லையா என்பதற்கு எந்தக் கோடும் வேண்டாம். ஹிஸ்பானிக் ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள், அமெரிக்காவின் எந்தப் பெரிய இனப்பிரிவையும் விட அதிகம். பெண்களில் ஐந்தில் மூவர். பாகிஸ்தானியப் பெண்களில் வேலையில் இருப்பவர்கள் பாதியை ஒட்டித் தடுமாறுகிறார்கள். மூன்று பிள்ளைகள், ஒரு சம்பளம், அதுவும் டாக்சிச் சம்பளம் என்றால் எந்தக் கோட்டில் அளந்தாலும் அது ஏழைக் குடும்பம்தான்.

இன்னொன்று, ஊரிலிருந்து மணமகனோ மணமகளோ வருவது தொடர்ந்துகொண்டே இருந்தது. அதனால் பல வீடுகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரில் ஒருவர் முதல் தலைமுறைக் குடியேறி. ஆங்கிலம் மறுபடி முதலிலிருந்து. மெக்சிகோக்காரர் வீட்டில் மூன்றாம் தலைமுறைக்கு ஸ்பானிஷே தடுமாறுகிறது.

மீனா_சு

பாகிஸ்தானியப் பெண்களை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள் ஐயா. பிரிட்டனில் பிறந்து படித்தவர்களுக்கும் மணமாகி வந்தவர்களுக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. பாகிஸ்தானியப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் பல்கலைக்கழகம் போகும் விகிதம் வெள்ளையர்களைவிட அதிகம்.

"தொடர்ந்து வருகிறார்கள்" என்பது என்ன லேசான காரியமா? 2024 ஏப்ரல் முதல் மனைவியை அழைக்க ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும், முன்பு 18,600. சம்பளக்காரர் என்றால் ஒரே முதலாளியிடம் ஆறு மாதச் சம்பளச் சீட்டும் அதற்கு ஒத்துப்போகும் வங்கி வரவும் போதும். டாக்சி ஓட்டுபவர் சுயதொழில்காரர். முடிந்த வரி ஆண்டு முழுவதற்கும் கணக்கு வேண்டும், அதிலும் லாபத்தைத்தான் பார்ப்பார்கள். 45,000 வசூலித்தாலும் பெட்ரோல், வண்டி வாடகை, காப்பீடு, உரிமக் கட்டணம் கழித்த பிறகு 29,000 தேறாது. செலவைக் குறைவாகக் காட்டினால் வரி ஏறும். பழைய ஆண்டுக் கணக்கைத் திருத்தி ஏற்றினால் அதிகாரி சந்தேகப்படுவார். விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, முன்பணமாக. நிரந்தரமாகத் தங்கும் உரிமை வரும்வரை, வழக்கமாக ஐந்து வருடம், அரசு உதவித்தொகையில் அவளுக்குப் பங்கு இல்லை. வாயிற்படியில் நிறுத்திவைத்துவிட்டு, "ஏன் உள்ளே வரவில்லை" என்று கேட்பது நியாயமா?

அமெரிக்காவில் சங்கதி வேறு. அங்கே குறைந்தது ஒரு கோடிப் பேர் தங்க அனுமதிக் காகிதமில்லாமல் இருக்கிறார்கள், பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்கர். சோதனைச் சாவடி தாண்டாமல் எல்லை கடந்து வந்தவர் அமெரிக்கக் குடிமகளை மணந்தாலும் உள்ளே இருந்தபடி பச்சை அட்டை வாங்க முடியாது. வெளியே போய், மெக்சிகோக்காரர் என்றால் எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸின் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், நேர்காணலுக்கு நிற்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கியிருந்தால், வெளியே கால் வைத்த நிமிடமே பத்து வருடத் தடை விழும். 1996 சட்டம் அது. 2013 முதல் விலக்குக்கு முன்கூட்டியே மனுப் போடலாம், ஆனால் குடிமகளான மனைவிக்கு "மிகக் கடுமையான துன்பம்" வரும் என்று நிரூபிக்க வேண்டும். சாதாரணப் பிரிவுத் துயரம் அந்த வரையறைக்குள் வராது. ஆகவே ஹிஸ்பானிக் ஏழ்மையின் வேர் காகிதம் என்பதுதான் என் கட்சி.

தூண்டில்

நடுவே ஒரு வரி. இரண்டு கூட்டத்திலும் நம்மூர்ச் சீட்டு உண்டு. மெக்சிகோக்காரர் 'தாண்டா' என்பார், பாகிஸ்தானியர் 'கமிட்டி' என்பார். பத்துப் பேர், மாதம் 200, முறை வைத்து எடுப்பது. ஏலமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை, அதனால் வட்டி என்ற பேச்சே எழாது. பாகிஸ்தானியர் நிறைந்த வட இங்கிலாந்து நகரமான பிராட்ஃபர்டில் முதல் வீட்டுக்கு முன்பணம் சேர்ந்ததில் கமிட்டிக்குப் பங்கு உண்டு. எடுத்த பிறகு கட்டாமல் ஓடினால் வழக்குப் போட முடியாது, ஊரில் சொந்தக்காரர் முகத்தில் விழிக்க முடியாது, அவ்வளவுதான் பிடிமானம்.

கணக்கர்

மீனா, காகிதம்தான் வேர் என்றால், அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள கரீபியத் தீவான புவெர்த்தோ ரிக்கோக்காரர்களை என்ன செய்வீர்கள்? 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை. விசாவும் இல்லை, தடையும் இல்லை, ஹுவாரெஸும் இல்லை. விமானச் சீட்டு வாங்கினால் நியூயார்க். அப்படியிருந்தும் அவர்களுடைய வறுமை விகிதம் நெடுங்காலமாகவே மெக்சிகோ வழி வந்தவர்களைவிடக் கூடுதல். பிரிட்டனுக்கு வந்த பாகிஸ்தானியரும் அப்படியே. 1962 வரை கட்டுப்பாடில்லாமல் இறங்கினார்கள், வந்தவுடன் வாக்குரிமை. பாகிஸ்தான் 1972இல் காமன்வெல்த்தை விட்டு வெளியேறியபோதுகூட, ஏற்கெனவே வந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிந்துகொள்ள அவகாசம் கிடைத்தது. காகிதம் இருந்த இரண்டு கூட்டமும்தான் பின்தங்கியிருக்கிறது. காகிதமில்லாத மெக்சிகோக்காரன் கூரை போட்டுச் சம்பாதிக்கிறான்.

நெசவு

கணக்கர் தெரியாமலேயே சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். "ஹிஸ்பானிக்" என்ற பெயரில் ஆறு கோடிக்கும் மேற்பட்டோரை அள்ளிப்போட்டதுதான் முதல் கோளாறு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள், குடியேறிகளே அல்ல. கியூபாக்காரருக்கு 1966இல் தனிச் சட்டம், முதலில் இரண்டாண்டு, பிறகு ஓராண்டு தங்கினாலே பச்சை அட்டை. மெக்சிகோக்காரருக்கு 1942 முதல் 1964 வரை பிரசேரோ என்ற தற்காலிகக் கூலி ஒப்பந்தம், அது முடிந்தபின் 1968இல் மேற்கு அரைக்கோளத்துக்கே, அதாவது அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கே, முதல்முறையாகக் குடியேற்ற எண்ணிக்கை வரம்பு. அதே ஆட்கள், அதே வயல்கள். நேற்றுவரை ஒப்பந்தக் கூலி, இன்று சட்டவிரோதி.

பாகிஸ்தானியரோடு ஒப்பிடப் பொருத்தமானவர்கள் புவெர்த்தோ ரிக்கோக்காரர்கள்தான். பிராட்ஃபர்ட் கதையைப் பாருங்கள். பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மிர்பூரில் 1960களில் மங்களா அணை, 1967இல் முடிந்தது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் ஊரும் வயலும் தண்ணீருக்கடியில். அதற்கு முன்பே மிர்பூர்க்காரர்கள் பிரிட்டிஷ் கப்பல்களில் கரி அள்ளியவர்கள், வழி தெரியும். யார்க்ஷயர், லங்காஷயர் மில்களில் அப்போது விலை உயர்ந்த புது இயந்திரம் இறக்கியிருந்தார்கள். போட்ட முதல் திரும்ப வேண்டுமென்றால் 24 மணி நேரமும் ஓட்ட வேண்டும். பெண்களை இரவில் வேலை வாங்கத் தொழிற்சாலைச் சட்டம் விடாது, உள்ளூர் ஆண்கள் அந்தக் கூலிக்கு இரவு வரமாட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்க வந்தவர்கள் பாகிஸ்தானியர். இரவு ஷிப்டில் பக்கத்துத் தறியிலும் மிர்பூர்க்காரன், மேஸ்திரியும் அவர்கள் மொழி தெரிந்தவன். ஆங்கிலம் தேவைப்படவில்லை, கற்கவுமில்லை.

1970களின் பிற்பகுதியில் மில்கள் மூடத் தொடங்கின. நாற்பது வயது, ஒரே கைத்தொழில், அதுவும் அழிந்துபோன தொழில். கையில் வந்ததைக்கொண்டு டாக்சிக்கும் மூலைக்கடைக்கும் திரும்பினார்கள். 2000களின் தொடக்கத்தில் வேலையில் இருந்த பாகிஸ்தானிய ஆண்களில் ஆறில் ஒருவர் டாக்சி அல்லது கார் ஓட்டுநர். வெள்ளை பிரிட்டிஷ் ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்.

நியூயார்க்கில் நடந்ததும் அதேதான். 1950களில் வந்த புவெர்த்தோ ரிக்கோக்காரர்கள் தையல் ஆலைகளுக்கும் சில்லறைத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். 1950இல் அந்த நகரத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் தொழிற்சாலை வேலை, 1980இல் அதில் பாதி. இருவருமே ஒரு தொழில் சாகப்போகும் நேரத்தில் அதன் வாசலில் இறங்கினார்கள். மெக்சிகோக்காரன் போன கட்டுமானமும் இறைச்சி வெட்டும் ஆலையும் பழத்தோட்டமும் கப்பலேறிப் போகாத தொழில்கள்.

முகிலன்

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதே பாகிஸ்தானியர் அமெரிக்காவில் சராசரி அமெரிக்கக் குடும்பத்தைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அங்கே போனவர்களில் டாக்டரும் பொறியாளரும் ஏராளம், லாகூரிலும் கராச்சியிலும் படித்தவர்கள். மதமும் உணவும் குடும்பமுறையும் ஒன்றுதான். ஜலித்து எடுத்த சல்லடை வேறு.

கணக்கர்

முகிலன் சொன்னதை ஏற்கிறேன். நெசவு சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மில் மூடியது எல்லோருக்கும்தான். புவெர்த்தோ ரிக்கோக் குடும்பங்கள் மீளாததற்குத் தாய் தனியாகப் பிள்ளை வளர்க்கும் வீடுகள் அதிகமானது காரணம் என்று அமெரிக்காவில் நீண்டகாலமாகவே சொல்கிறார்கள். குடும்ப அமைப்பை ஒதுக்கிவிட்டுத் தொழிலை மட்டும் பேச முடியாது.

வடகரையான்

அப்படியானால் உங்கள் வாதம் உங்களையே கடிக்கிறது. பாகிஸ்தானியர் வீடுகளில் தனித்தாய்க் குடும்பம் குறைவு. தாய், தந்தை, பல வீடுகளில் பாட்டி தாத்தா, எல்லோரும் ஒரே கூரையின் கீழ். குடும்பம் உடைந்த கூட்டமும் ஏழை, உடையாத கூட்டமும் ஏழை என்றால் அந்தக் காரணம் எதை விளக்குகிறது?

கணக்கர்

சரி, தனித்தாய் வாதத்தை விடுகிறேன். இரண்டாவது சம்பள வாதத்தை விடமாட்டேன். கடைசியாக ஒன்று. இதே பிரிட்டனில் இதே காலத்தில் பஞ்சாபிச் சீக்கியர்கள் வார்ப்பாலைகளிலும் ரப்பர் ஆலைகளிலும் வேலை செய்தார்கள். அவையும் மூடின. அவர்கள் எழுந்தார்கள். இங்கிலாந்தில் இந்தியரின் சொந்த வீட்டு விகிதம் 74%. ஏன்?

நெசவு

சீக்கியப் பெண்கள் வேலைக்குப் போனது ஒரு காரணம். அதை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் சீக்கியர் நிறைந்த மேற்கு லண்டன் சவுதாலில் ஆலை மூடியபோது பஸ் தூரத்தில் ஹீத்ரோ விமான நிலையம் இருந்தது. சரக்கு ஏற்றவும், சமைக்கவும், துப்புரவுக்கும் ஆள் எடுத்தார்கள், பெண்களையும் எடுத்தார்கள். பிராட்ஃபர்டில் மில் மூடியபோது பஸ் தூரத்தில் இன்னொரு மூடிய மில்தான் இருந்தது. 2021இலும் அந்த ஊரில் நாலில் ஒருவர் பாகிஸ்தானியர்.

ஏன் கிளம்பிப் போகவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் முதல் பதிவில் பாகிஸ்தானியருக்குச் சாதகமாகக் காட்டிய ஒரே எண் அந்த 58%. மில் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய கல் வீடு, கமிட்டிப் பணத்தில் மலிவாக வாங்கியது. ஒழுகும் கூரை, இரண்டு அறையில் ஏழு பேர், அதை விற்றால் லண்டனில் முன்பணத்துக்குக்கூடக் காணாது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் வாடகைக்கு இருந்த புவெர்த்தோ ரிக்கோக்காரன் வேலை போனதும் சாவியைக் கொடுத்துவிட்டு ஃப்ளோரிடாவின் ஒர்லாண்டோவுக்கு வண்டி ஏறினான். இவனிடம் வீட்டுப் பத்திரம் இருந்தது.